ஸ்கோர் போர்டுக்கு வெளியே: அணிச் சாப்ளின் பணி குறித்து வாசகர் கேள்விகள்

(தொழில்முறை விளையாட்டு அணிகளில் கிறிஸ்தவ ஆன்மிகப் பணி செய்வது பற்றி வந்த கடிதங்களில் சில. பல கடிதங்கள் ஒரே விஷயத்தைக் கேட்டதால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். யார் பெயரையும் வெளியிடவில்லை.)

சாப்ளின் என்றால் எனக்குச் சார்லிதான் ஞாபகம் வருகிறார். சம்பளம் வாங்கி விளையாடும் ஓர் அணிக்குச் சாப்ளின் எதற்கு? ஜெயிக்க ஜெபம் பண்ணவா?

தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வந்த வம்பு. இந்தச் சாப்ளின், மருத்துவமனையிலும் சிறையிலும் ராணுவத்திலும் இருப்பவரைப் போன்றவர். ஆட்கள் சபையைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்விடும் போதகர்.

வெற்றிக்காக ஜெபிப்பது அவர் வேலையே இல்லை. எதிரணிக்கும் ஒரு சாப்ளின் இருப்பார், அவரும் அதே வேதாகமத்தைத்தான் வைத்திருப்பார். ஒரு தொழில்முறை வீரரைச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். பயிற்சியாளர் அவரைச் சேர்க்கலாமா விடலாமா என்று யோசிக்கிறார். மருத்துவர் எப்போது ஆடலாம் என்று தேதி குறிக்கிறார். முகவருக்குக் கமிஷன் வேண்டும், செய்தியாளருக்கு ஒரு வரி வேண்டும், உறவுக்காரருக்கு டிக்கெட் வேண்டும். அவர் ஓடிய தூரம், எடை, தூக்கம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கட்டடத்தில் அவரிடம் எதையும் கேட்காத, அவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்காத ஒரே ஆள் சாப்ளின்தான். கீழே உள்ள பதில்களில் பாதி, அந்த இடத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றியவை.

எங்கள் சபைக்குப் பக்கத்தில் ஒரு தொழில்முறை அணி பயிற்சி செய்கிறது. கிளப்புக்கு மூன்று முறை எழுதினேன், பதிலே இல்லை. உள்ளே போக என்ன வழி?

யாருக்கு எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலானோர் உரிமையாளருக்கோ தலைமைப் பயிற்சியாளருக்கோ எழுதுவார்கள். இருவர் மேசையிலும் அந்தக் கடிதம் ரசிகர் கடிதங்களோடு சேர்ந்துவிடும். வீரர் நலனைப் பார்க்கும் அலுவலர் ஒருவர் பெரிய கிளப்புகளில் பெரும்பாலும் உண்டு. சிறிய கிளப்பாக இருந்தால் செயலாளர். அவருக்கு எழுதுங்கள்.

தனியாகப் போவதைவிட விளையாட்டுச் சாப்ளின் அமைப்பு ஒன்றின் வழியாகப் போவது நல்லது. அமெரிக்க பேஸ்பாலில் 1973-ல் தொடங்கிய ‘பேஸ்பால் சேப்பல்’ இதற்கு முன்னோடி. ஞாயிறும் ஆட்டம் இருப்பதால் வீரர்கள் ஆராதனைக்குப் போக முடியவில்லை என்பதைக் கவனித்து அதற்கு வழி செய்தவர் வாட்சன் ஸ்போல்ஸ்ட்ரா. அவர் போதகர்கூட இல்லை, டெட்ராய்ட்டின் விளையாட்டுச் செய்தியாளர். இங்கிலாந்தில் ஜான் பாயர்ஸ் 1977-ல் வாட்ஃபோர்டு கால்பந்து கிளப்பில் சாப்ளின் பணியைத் தொடங்கினார். அவர் 1991-ல் ஆரம்பித்த ‘ஸ்கோர்’ அமைப்புதான் இன்று ‘ஸ்போர்ட்ஸ் சாப்ளின்சி யுகே’. இப்படிப்பட்ட அமைப்புகள் உங்கள் பின்னணியைச் சரிபார்த்து, பயிற்சி கொடுத்து, பரிந்துரைக் கடிதமும் தரும். யாரென்றே தெரியாத ஒருவரை வீரர்கள் இருக்கும் இடத்தில் விடக் கிளப் அஞ்சுகிறது. அந்த அச்சத்தைப் போக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ‘ஊழியம்’, ‘ஆத்தும ஆதாயம்’ என்ற சொற்கள் சபைக்குள் புரியும். கிளப் அலுவலகத்தில் அவை எச்சரிக்கை மணி. வாரம் அரை நாள், சம்பளம் வேண்டாம், எந்த மதத்தவருக்கும் மதமே இல்லாதவருக்கும் உதவத் தயார், மூன்று மாதம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதினால் போதும்.

உள்ளே அழைத்தால் வாய்ப் பேச்சோடு விட்டுவிடாமல் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கேளுங்கள். யாரிடம் பொறுப்புக் கூறுவது, எந்த நாள், எந்த அறைகளுக்கு அனுமதி, ரகசியக் காப்பின் எல்லை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு பழகும் விதி, ஊடகத்திடம் பேசலாமா, எப்படி விலகுவது என்ற ஏழும் அதில் இருக்கட்டும். நட்பாகத் தொடங்கியவை பல ஒரு தவறான புரிதலில் முடிந்துபோனதற்குக் காரணம், இந்தத் தாள் இல்லாததுதான்.

பணம் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் தன்னார்வலர்களே. முழுநேரமாகச் செய்பவர்களுக்கும் பல இடங்களில் அமைப்போ சபையோதான் சம்பளம் தருகிறது. அது ஒரு வகையில் நல்லது. கிளப்பின் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் வீரர் உங்களையும் நிர்வாகத்தின் ஆளாகவே பார்ப்பார்.

அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டு வாரமாகப் போகிறேன். யாரும் பேசுவதில்லை, கேன்டீனில் காபி குடித்துவிட்டுத் திரும்புகிறேன். என்ன தவறு செய்கிறேன்?

தவறே இல்லை. முதல் மூன்று மாதம் வேலையே அதுதான்.

ஒவ்வொரு வாரமும் ஒரே நாள், ஒரே நேரம் போங்கள். நினைத்தபோது வந்து போகிறவரைத் தேடிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். ஆட்ட நாளில் வந்து நிற்பவர் ரசிகராகத் தெரிவார். பயிற்சி நாளில் வருபவர்தான் சாப்ளின். பயிற்சி முடிந்து சாப்பாட்டுக்கு வரும் நேரம் உகந்தது. அதற்கு அரை மணி முன்பே போய்ச் சமையலறை ஆட்கள், உடுப்பும் பூட்ஸும் பார்த்துக்கொள்பவர், மைதானப் பராமரிப்பாளர், வரவேற்பறையில் இருப்பவர், காவலாளி ஆகியோரோடு பேசுங்கள். வீரர்கள் இரண்டு மூன்று ஆண்டில் மாறிப்போவார்கள், இவர்கள் இருபது ஆண்டாக அங்கேயே இருப்பார்கள். இவர்கள் வீட்டிலும் நோய் உண்டு, சாவு உண்டு, மகள் கல்யாணக் கடன் உண்டு. கிளப் நட்சத்திரங்களைக் கவனிக்கிற அளவுக்கு இவர்களைக் கவனிப்பதில்லை. ஒரு வீரர் உங்களைப் பற்றி விசாரித்தால், பெரும்பாலும் உடுப்பு அறையில்தான் விசாரிப்பார்.

உடை மாற்றும் அறைக்குள் அழைப்பில்லாமல் போகாதீர்கள். ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அழைத்தாலும் யோசித்துப் போங்கள். சிகிச்சை அறைக்குப் பிசியோவின் அனுமதி வேண்டும். வியூகம் பேசும் அறைப் பக்கமே போக வேண்டாம். வெள்ளைப் பலகையில் நாளைய பதினொருவர் பெயர் எழுதியிருந்து அதை நீங்கள் பார்த்துவிட்டால், பிறகு பெயர்கள் எங்கோ கசியும்போது சந்தேகப் பட்டியலில் நீங்களும் இருப்பீர்கள்.

“காயம் எப்படி இருக்கு? அடுத்த மேட்ச் ஆடுவீங்களா?” என்று கேட்க வாய் வரும். கேட்காதீர்கள், அதை அவரிடம் நாற்பது பேர் கேட்கிறார்கள். “அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னீங்களே, முடிஞ்சிருச்சா?” என்று கேட்பவர் நீங்கள் ஒருவர்தான். இதற்கு நினைவாற்றல் வேண்டும். வீடு திரும்பியதும் மனைவி, குழந்தைகள் பெயர்களையும் தேதிகளையும் குறித்துக்கொள்ளலாம். பிரச்சினைகளைப் பெயர் போட்டு எழுதி வைக்காதீர்கள். நோட்டு தொலையும், கைப்பேசியும் தொலையும்.

செல்ஃபி, கையெழுத்து, ஜெர்சி மூன்றையும் கேட்கக் கூடாது. உங்கள் பேரனுக்காகவும் கூடாது.

ஆட்டத்துக்கு முந்தைய ஆராதனையை எப்படி நடத்துவது? எவ்வளவு நேரம்?

அது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். அமெரிக்கக் கால்பந்தில் பெரும்பாலும் ஆட்டத்துக்கு முந்தைய இரவு, அணி தங்கும் ஹோட்டலில் நடக்கும். பேஸ்பாலில் ஞாயிறு காலை, இரு அணிகளுக்கும் தனித்தனியாக. ஸ்பானிஷ் பேசுவோருக்கு அவர்கள் மொழியிலும் உண்டு. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, இரு அணி வீரர்களும் ஒரே அறையில் சேர்ந்து உட்காருவார்கள். சற்று நேரத்தில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளப் போகிறவர்கள் அவர்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் பொதுவாக ஆராதனையைவிடத் தனிப்பட்ட சந்திப்புக்கே இடம் அதிகம்.

நேரம் 15 நிமிடம். சபையில் நாற்பது நிமிடம் பிரசங்கித்துப் பழகியவருக்கு இதுதான் மிகவும் கடினம். வரவேற்பும் சிறு ஜெபமும் 2 நிமிடம், வேதவாசிப்பு 2, ஒரே ஒரு கருத்தோடு செய்தி 7, ஜெப விண்ணப்பங்களும் முடிவு ஜெபமும் 4. கடிகாரம் உங்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும். கட்டு போட வேண்டியவர் பாதியில் எழுந்து போவார், மனம் கோணாதீர்கள். ஒருமுறை நீங்கள் 25 நிமிடம் எடுத்துவிட்டால் அடுத்த முறை பயிற்சியாளர் அந்த அறையை வேறு எதற்காவது கொடுத்துவிடுவார், அதில் நியாயமும் உண்டு.

செய்தியில் விளையாட்டு உவமை வேண்டாம். பவுல் பந்தயத்தைப் பற்றி எழுதிய 1 கொரிந்தியர் 9-ஐ அவர்கள் பத்து வயதிலிருந்து கேட்டுக் களைத்திருக்கிறார்கள். அதைவிட ஆபத்தானது பிலிப்பியர் 4:13. எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்ற அந்த வசனத்தைப் பல வீரர்கள் வெற்றிக்கான உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய வசனத்தைப் பாருங்கள். சிறையிலிருந்து எழுதும் பவுல் அங்கே பசியையும் நிறைவையும், தாழ்வையும் வாழ்வையும் ஒரே மனதோடு ஏற்கக் கற்றுக்கொண்டதைப் பற்றித்தான் பேசுகிறார். பெனால்டியை வெளியே அடித்தவருக்குத்தான் அந்த வசனம் பொருந்தும். இதைச் சொல்லாமல் விட்டால், தோற்ற அன்று அவருக்குக் கடவுளும் தோற்றுப்போவார். புலம்பல் சங்கீதங்களைக் கொஞ்சம் பழக்குங்கள், 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான்.

திருவிருந்து கொடுப்பதானால் திராட்சை ரசம் மது கலவாததாக இருக்கட்டும், குடியிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர் அந்த அறையில் இருக்கலாம். பொதுக் கிண்ணம் வேண்டாம், ஒருவர் சளி அணி முழுவதும் பரவினால் மருத்துவர் உங்களைத்தான் தேடுவார். சீல் உடைக்காத பொட்டலமாகவே கொண்டுவந்து, கிளப் மருத்துவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். ஊக்கமருந்து விதிப்படி தன் உடலுக்குள் போகும் எதற்கும் வீரரே பொறுப்பு. யார் கொடுத்தார், தெரிந்தா தெரியாமலா என்ற பேச்சு மீறல் பதிவான பிறகுதான் வரும். அதனால் மூலிகைத் தைலம், இருமல் மருந்து, சத்து மாவு என்று பாசத்தோடு எதையும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

அணியில் இஸ்லாமியர், யூதர், நாத்திகர் எல்லாரும் இருக்கிறார்கள். கிறிஸ்தவச் சாப்ளினாக என் விசுவாசத்தை மறைக்க வேண்டுமா?

மறைக்க வேண்டாம். நீங்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே நீங்கள் விருந்தாளி. கேட்டால் சொல்லுங்கள், கேட்காதபோது திணிக்காதீர்கள். வேலைக்கு வந்தவரால் எழுந்து போக முடியாது. அந்த நிலையில் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துச் சாட்சி சொல்வது நேர்மையில்லை.

2005-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியில் நடந்ததை இந்தப் பணிக்கு வருகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீரர், இயேசுவை ஏற்காததால் யூதர்கள் அழிவுக்குப் போவார்களா என்ற பொருளில் தன்னார்வச் சாப்ளினிடம் கேட்டார். சாப்ளின் தலையசைத்தார். அதை அந்த வீரரே செய்தித்தாளில் சொல்ல, பெரிய கண்டனம் எழுந்து, அணி அந்தச் சாப்ளினின் பணியை நிறுத்திவைத்தது. இறையியலில் இரண்டாயிரம் ஆண்டாகப் பேசித் தீராத ஒன்றுக்கு நின்றபடி ஒரு தலையசைப்பு பதிலாகாது. “இது பெரிய கேள்வி, உட்கார்ந்து பேசுவோம். இதைக் கேட்கும்போது உங்கள் மனதில் யார் இருக்கிறார்?” என்று திருப்பிக் கேளுங்கள். அநேகமாக அந்தக் கேள்விக்குப் பின்னால் அவர் நேசிக்கிற ஒருவர் இருப்பார். அந்த வீரரின் மனதிலும் ஒரு பழைய யூதத் தோழிதான் இருந்தார்.

அருகிலுள்ள இமாம், ரபி (யூத மதகுரு) ஆகியோரின் தொலைபேசி எண்கள் உங்களிடம் இருக்கட்டும். ரமலான் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே உணவியல் நிபுணரிடம் நோன்பு வைப்பவர்களைப் பற்றி நினைவூட்டுங்கள். தொழுகைக்கு ஒரு சுத்தமான அறை கேட்டுக் கொடுங்கள். கிறிஸ்தவர் அல்லாதவருக்கு நீங்கள் செய்யும் முதல் உதவி இதுபோல ஏதாவதாக இருந்தால், அவர் துக்கத்தின்போது உங்களைத் தேடத் தயங்க மாட்டார்.

ஒரு கால்பந்து வீரர் கோல் அடித்தால் சட்டையைத் தூக்கி உள்பனியனில் உள்ள வசனத்தைக் காட்ட விரும்புகிறார். நான் ஊக்கப்படுத்தலாமா?

வேண்டாம். கால்பந்து விதிகளில் 4-ஆம் விதி, உடையிலும் உள்ளுடையிலும் மத, அரசியல், தனிப்பட்ட வாசகங்களைத் தடை செய்கிறது. அதைக் காட்டிச் சட்டையைக் கழற்றினால் 12-ஆம் விதிப்படி மஞ்சள் அட்டை. அபராதம் கட்டப்போவது நீங்கள் இல்லை.

ஒருவர் என்னிடம் “யாருக்கும் சொல்லாதீங்க” என்று ஆரம்பித்து, தான் ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டுவதாகவும் கடனில் மூழ்கிவிட்டதாகவும் சொன்னார். ரகசியம் காக்க வேண்டுமா?

இந்த மாதத்தின் மிகக் கடினமான கேள்வி இதுதான்.

முதல் பாடம் அடுத்த முறைக்கானது. “யாருக்கும் சொல்லாதீங்க” என்ற சொல் வந்ததும் அங்கேயே நிறுத்தி, “உங்கள் உயிருக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்றால், அல்லது ஒரு குழந்தைக்குத் தீங்கு என்றால், என்னால் அதை எனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. மற்றது என்னோடு இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள். இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் குறைவு. கேட்ட பிறகு இந்த நிபந்தனையைச் சொல்வதுதான் துரோகம்.

பந்தய விஷயத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. இங்கிலாந்தில் 2014 ஆகஸ்ட் 1 முதல், மேல்நிலை ஆட்டங்களில் உள்ளவர்கள் உலகின் எந்தக் கால்பந்து ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்டக் கூடாது. உள்தகவலைப் பந்தயத்துக்காகப் பிறருக்குச் சொல்லவும் கூடாது. மற்ற பெரிய லீக்குகளிலும் இதுபோன்ற தடைகள் உண்டு. சில சங்கங்களின் விதிகள் கிளப்போடு தொடர்புள்ள எல்லாரையும் கட்டுப்படுத்தும். தெரிந்த மீறலைத் தெரிவிக்கும் கடமையும் அதில் அடங்கலாம். நீங்கள் அந்த வட்டத்துக்குள் வருகிறீர்களா என்று ஒப்பந்தம் போடும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் இன்றைக்கே கேளுங்கள், இந்த வீரரின் பெயரையோ விஷயத்தையோ வாயில் எடுக்காமல் பொதுவாக.

அவரிடம் திரும்பப் போய்த் தானே வெளியே சொல்வதன் நன்மையைப் பேசுங்கள். தானாக ஒப்புக்கொண்டவருக்கும் மாட்டிக்கொண்டவருக்கும் தண்டனையில் வேறுபாடு இருக்க வாய்ப்பு அதிகம். வீரர் சங்கத்தின் ரகசிய உதவி எண்ணை அவரையே உங்கள் முன்னால் அழைக்கச் சொல்லுங்கள். ‘எண்ணைத் தருகிறேன், பிறகு பேசுங்கள்’ என்றால் அந்தப் பிறகு வராது. இங்கிலாந்தில் கால்பந்து வீரர் டோனி ஆடம்ஸ் 2000-ல் தொடங்கிய ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ போன்று விளையாட்டு வீரர்களுக்கென்றே அடிமைப்பழக்கச் சிகிச்சை மையங்கள் உண்டு. கடன் கொடுக்காதீர்கள், கடனுக்கு ஜாமீனும் நிற்காதீர்கள். ஆட்டத்தை விற்கச் சொல்லி யாராவது அவரை மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால் அது ஆபத்துக் கணக்கில் வரும். ஒழுங்குமுறை அதிகாரியிடம் அவரோடு சேர்ந்தே போங்கள்.

சாக நினைப்பதாகத் தோன்றினால் சுற்றி வளைக்காமல் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல், அன்றைக்கே அணி மருத்துவரிடம். ஜெபம் பண்ணுங்கள், ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள்.

“யார் மனசு சரியில்லாம இருக்காங்கன்னு சும்மா சொல்லுங்க” என்று பயிற்சியாளர் கேட்கிறார். அவர் நல்லவர்தான்.

நல்லவர்தான். ஆனாலும் சொல்லக் கூடாது. “அவர்கள் சம்மதித்தால் அவர்களையே உங்களிடம் அனுப்புகிறேன்” என்பதே உங்கள் ஒரே பதில். பிறகு, “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று அவரையே கேளுங்கள். ஐந்து ஆட்டம் தோற்ற பயிற்சியாளரிடம் இதை யாரும் கேட்பதில்லை.

பெரிய காயம், திடீர் மரணம், அணியிலிருந்து நீக்கம் போன்ற நேரங்களில் சாப்ளின் என்ன செய்ய வேண்டும்?

முழங்காலின் முன்தசைநார் அறுந்தால் பெரும்பாலும் 9 மாதம், சிலருக்கு ஓராண்டு. முதல் இரண்டு வாரம் பூங்கொத்தும் செய்தியாளரும் வருவார்கள், மூன்றாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். காலண்டரில் குறியுங்கள்: அறுவை சிகிச்சை நாள், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், மீண்டும் ஓடத் தொடங்கும் நாள், திரும்பி ஆடும் நாளின் முந்தைய மாலை. கடைசியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கால் ஆறியிருக்கும், பயம் ஆறியிருக்காது.

ஒப்பந்தம் கிடைக்காத பதின்வயதுப் பையனிடம் “கடவுள் வேறு நல்ல திட்டம் வைத்திருக்கிறார்” என்று அன்றைக்கே சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், அன்று அது அவன் வாயை அடைக்கும். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் அழையுங்கள். அவனுக்கு 18 ஆகவில்லை என்றால் பெற்றோருக்குத் தெரிந்தே பேச வேண்டும், தனிச் செய்தி கூடாது, அறைக்கதவு திறந்திருக்க வேண்டும்.

2012 மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து ஆட்டத்தின் நடுவே போல்ட்டன் வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா மைதானத்தில் சரிந்தார். 78 நிமிடம் இதயம் நின்றிருந்து உயிர் பிழைத்தார். அப்படி ஒரு மாலையில் உங்கள் கவனம் யாரிடமெல்லாம் போக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். குடும்பம் முதலில். அருகில் நின்ற சக வீரர்கள், எதிரணியினர், நடுவர், நெஞ்சை அழுத்திய மருத்துவக் குழு, பக்கத்து வரிசைகளில் குழந்தைகளோடு இருந்த பார்வையாளர்கள். ஒருவரால் ஆகாது. எனவே எதிரணிச் சாப்ளினின் எண்ணும் அருகிலுள்ள மருத்துவமனைச் சாப்ளினின் எண்ணும் சீசன் தொடங்கும் முன்பே உங்கள் கைப்பேசியில் இருக்க வேண்டும். கிளப்பின் அவசரத் திட்டத்தில் உங்கள் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காவலர் உங்களை வாசலிலேயே நிறுத்துவார். மருத்துவமனையில் தண்ணீர் வாங்கிக் கொடுங்கள், சார்ஜர் தேடிக் கொடுங்கள், செய்தியாளர் பக்கம் திரும்பாதீர்கள். கேட்டால் ஜெபியுங்கள், கேட்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

எங்கள் வாலிபர் சங்கத்துக்கு இருபது இலவச டிக்கெட் வாங்கித் தர முடியுமா என்று சபையில் கேட்கிறார்கள்.

முடியாது. உங்களுக்கே தரும் டிக்கெட்டையும் ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள்.

என்னை உள்ளே கொண்டுவந்த பயிற்சியாளரை நேற்று நீக்கிவிட்டார்கள். இனி நான் என்ன செய்வது?

முதலில் நீக்கப்பட்டவர் வீட்டுக்குப் போங்கள், இன்றைக்கே. நேற்று வரை நிமிடத்துக்கு ஒருமுறை அடித்த அவர் கைப்பேசி இன்று அமைதியாகக் கிடக்கும். அவர் மனைவியிடமும் பேசுங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி மாற வேண்டியிருக்கலாம். புதியவர் வந்த முதல் வாரம் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். இரண்டாம் வாரம் வீரர் நல அலுவலர் மூலமாகப் பத்து நிமிடம் கேட்டு, பழைய ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்து, தொடரலாமா என்று கேளுங்கள். அந்தத் தாள் பயிற்சியாளரோடு போடப்படாமல் கிளப்போடு போடப்பட்டிருந்தால் வேலை எளிது. அவர் வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். போகும் வழியில் சமையலறையிலும் உடுப்பு அறையிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.